வருவதை நோக்கிய குதிரைவீரன்



அமெரிக்கக் கௌபாய்க் கதைகள் பெரும்பாலும் கையறுநிலைப் பாங்கின. வேலிகள் எழுந்தன, இருப்புப்பாதை வந்தது, வீரன் வேண்டாதவன் ஆனான் என்பதே அவற்றின் புலம்பல். குடியேற்ற எல்லை மறைந்துவிட்டது என வரலாற்றறிஞர் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் சிகாகோவில் கட்டுரை படித்த ஆண்டு 1893.

அதே 1893-ஐக் களமாகக் கொண்டது 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் பிரிஸ்கோ கவுண்டி ஜூனியர்' என்னும் தொலைக்காட்சித் தொடர். ஃபாக்ஸ் நிறுவனம் 1993 ஆகஸ்டு முதல் 1994 மே வரை இதனை ஒளிபரப்பியது. புரூஸ் கேம்பெல் ஏற்ற தலைவன் ஹார்வர்டில் பயின்ற வழக்கறிஞன். தந்தையைக் கொன்ற கூட்டத்தைத் தேடிச் செல்பவன். பழிதீர்த்தல் பழைய மரபே. ஆயினும் அவன் கண்கள், அடுத்து வரவிருப்பது யாது என்றே தேடுகின்றன. தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட்டும், எதிர்காலத்தினின்று வந்த பொற்கோளமும் கதையுள் இயல்பாகப் பொருந்துவது அதனாலேயாம்.

27 பகுதிகளோடு தொடர் நின்றது. அதே வெள்ளி இரவுகளில் இதனையடுத்து ஒளிபரப்பான 'எக்ஸ் ஃபைல்ஸ்' 2002 வரை நீடித்தது. எனினும் பிரிஸ்கோவின் முகப்பிசை, பின்னாளில் என்.பி.சி.யின் ஒலிம்பிக் ஒளிபரப்புகளில் ஒலித்தது.

மரபு வடிவில் எழுதும் கவிஞர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு: பழைய வடிவம் பழமைக்காகவே அழவேண்டும் என்பதில்லை.