குளிரும் சுருட்டும்



நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிகிறது. அந்தக் குளிருக்குக் காம்பராவின் கதவு, ஜன்னலைச் சாத்தி, ஓட்டைகளுக்குச் சாக்கை அடைத்து, கரிச்சட்டிக்குப் பக்கத்தில் சுருட்டைப் பற்றவைத்து உட்காருகிறவர்கள் நம்மிடையே உண்டு. "ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் உடம்பு சூடாகுது" என்பார்கள்.

உண்மை என்ன? புகையிலையிலுள்ள நிக்கொட்டின் தோலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல்களுக்கு இரத்தம் குறைந்து, அவை இன்னும் சில்லிட்டுப் போகின்றன. சூடு தருவது கரிநெருப்புதான். ஆனால் அடைத்த அறையில் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சுருட்டுப் புகையிலும் அந்த வாயு இருக்கிறது.

ஆகவே சுருட்டை விட்டுவிடுவதே நல்லது. உடனே விட முடியாதவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இஸ்தோப்பையும் தாண்டி வெளியே போய்க் குடியுங்கள். படுக்கையில் வேண்டவே வேண்டாம். சாக்கிலோ பழந்துணியிலோ ஒரு பொறி விழுந்தால், ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் லயம் முழுக்கப் பற்றிக்கொள்ளும். படுக்கும் முன் கரிச்சட்டியை வெளியே வையுங்கள். தலைக்குத் தொப்பி, காலுக்கு மேஸ், பாய்க்கு அடியில் காய்ந்த சாக்கு, இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி. குளிருக்கு இவை உதவும்.

"எத்தனை வருஷமாக் குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லாதீங்க தாத்தா. பக்கத்தில் படுத்திருக்கிற பேரப்பிள்ளை இழுக்கிறதும் அதே காற்றுதான்.