விலையேற்றமும் வறியோர் காப்பும்



நாட்டின் வருவாய் குன்றுங் காலத்தில் வறியவரைத் தாங்குவது எவ்வாறு என்னும் வினா இலங்கைக்குப் புதியதன்று. 1942ஆம் ஆண்டிலே, போர்க்கால நெருக்கடியில், அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. கூப்பன் புத்தகமும் கையுமாகச் சங்கக்கடை வாயிலில் நின்ற மூத்தோர் வடமராட்சியில் இன்னும் இருக்கின்றனர். 1953இல் அரசின் நிதிநிலை தளர்ந்தபோது, கொத்தொன்று 25 சதமாயிருந்த பங்கீட்டரிசி 70 சதமாக உயர்த்தப்பெற்றது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது, உயிர்கள் மாண்டன. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். செலவைக் குறைக்க முற்படும் அரசு முதற்கண் பிள்ளையின் கோப்பையிலேதான் கைவைக்கிறது என்பது என் நெடுநாளைய மனக்குறை.

1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக இருந்தது. சந்தை விலையோ நிலையாக இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்குந்திறன் ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்து போயிற்று. பின்னர் 1989இல் ஜனசவியவும் 1995இல் சமுர்த்தியும் வந்தன.

நிற்க, 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். ஏப்ரல் 12ஆம் நாள் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டைவிட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்களவில் ஏறியிருந்தது. 2021இல் நூற்றுக்குப் பதின்மூவராயிருந்த வறியோர் 2022இல் இருபத்தைவராயினர் என உலக வங்கி மதிப்பிட்டது. எங்கள் பகுதியிலே மண்ணெண்ணெய் அருகியமையால் வெங்காயத் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரமும் பருத்தித்துறைக் கடலோரப் படகும் ஒருங்கே ஓய்ந்தன. நாட்கூலிக்காரனின் வீட்டில் அதன் பொருள் யாதென நெல்லியடிச் சந்தையிலே கேட்டறியலாம், அளவுகோல் வேண்டியதில்லை.

2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபாயும் மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாயும் வழங்கப்பெற்றன. 2025இல் இவை முறையே 10,000, 17,500 ஆயின. கல்வி, உடல்நலம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் இருபத்திரண்டு குறிகாட்டிகள் கொண்டு குடும்பங்கள் மதிப்பிடப்பெற்றன. அரசியல்வாதியின் சிபாரிசுக்கு இடங்கொடாத முறை என்றமட்டில் இதனை வரவேற்கிறேன். எனினும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன.

காரணம் எளிது. யாழ்ப்பாணத்திலே சீதனமாக வந்த கல்வீட்டில், கிணறும் நான்கு பனையும் உடையவளாய், மாத வருவாய் ஏதுமின்றி இருக்கும் விதவைத் தாயை எண்ணிப் பாருங்கள். வீட்டின் சுவரை எண்ணுவது கணக்கருக்கு இலகு. அடுப்பில் உலையேறாத நாள்களை எண்ணுவதோ அரிது. வீடு ஒரு தலைமுறைக்கு நிற்கும். வருவாய் ஒரு கிழமையிலே போய்விடும். ஆதலால் பல ஆண்டுக்கொருமுறை எழுதும் பட்டியல் நெருக்கடிக்குப் பொருந்தாது. தொழில் இழந்தவன் அடுத்த மாதமே பிரதேச செயலகத்தில் பெயர் பதியத்தக்க வாயில் எப்பொழுதும் திறந்திருத்தல் வேண்டும். உதவித்தொகையும் விலைச் சுட்டெண்ணோடு ஆண்டுதோறும் தானே உயர்தல் வேண்டும். முத்திரைக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாகாது.

அதிபர் என்ற முறையில் இன்னுமொன்று. 2024இல் பாடசாலை உணவு ஆரம்ப வகுப்புகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பெற்றமை நன்று. ஆயினும் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கூலிக்குப் போகத்தக்க வயதுடைய மாணவன் ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலே இருக்கிறான். இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வெற்றிடங்கள் பெருகும்போது, வீட்டில் யாது நேர்ந்ததென வகுப்பாசிரியர் மற்றெவரினும் முன்னதாக அறிவார். கிராம உத்தியோகத்தர் பட்டியலைத் திருத்தும்போது அவ்விடாப்பையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.