சுபாவமா, வியாதியா?



திருப்பூர் பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேஜையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிறு துளையோ, எண்ணெய்க் கறையோ, வெட்டாத பிசிரோ இருந்தால் பீஸ் தள்ளப்பட்டுவிடும். எதையும் இரண்டு முறை பார்க்கிறவருக்கே அங்கு நல்ல பெயர். அதே ஆள் வீட்டில் கேஸை மூடினோமா என்று இரவில் இருபது முறை எழுந்து போனால்? தோல் உரியும்வரை கை கழுவினால்? "அது அவருடைய சுபாவம்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லாலேயே சிகிச்சை வருஷக்கணக்கில் தள்ளிப்போகிறது.

இந்த வியாதிக்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர். வாழ்நாளில் நூற்றுக்கு ஓரிருவருக்கு இது வருகிறது. நுணுக்கம் பார்க்கும் சுபாவமுள்ளவர் தம் ஒழுங்கில் திருப்தி அடைகிறார். நோயாளியோ, "இது வீண்" என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் தவிக்கிறார். இவர்களில் பலர் முன்பு அப்படி நுணுக்கம் பார்த்தவர்களும் அல்லர்.

சுபாவத்தைப் பற்றிய கோட்பாடுகள் இங்கே எதற்கு உதவும்? ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் ஆகிய மூன்றும் சிலரிடம் சேர்ந்தே காணப்படுகின்றன என்று சிக்மண்ட் பிராய்ட் 1908-ல் எழுதினார். கல்கத்தாவில் 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் கிரீந்திரசேகர் போஸ், ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு எதிரான விருப்பம் ஒன்று மறைந்திருக்கிறது என்றார். இவர்கள் சொன்ன யாவையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனாலும், நோயோடு ஆளையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் நிற்கிறது.

யாருக்கு எது உயிரோ, அதன்மேல்தான் இந்த எண்ணம் பாய்கிறது. பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் தாய்க்கு, பிள்ளையைக் காயப்படுத்திவிடுவோமோ என்ற பயம் வருகிறது. பக்தியுள்ளவருக்கு ஜெப நேரத்தில் தூஷண வார்த்தை மனதில் எழும்புகிறது. 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியன், கிறிஸ்துவை விற்றுவிடும்படி தூண்டிய எண்ணம் தம்மை விடாமல் வாதித்ததை 1666-ல் வெளியான தம் வாழ்க்கைச் சரிதையில் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் அவருடைய இருதயத்தின் விருப்பமல்ல. "நீங்கள் கெட்டவர் அல்ல; நீங்கள் மிகவும் நேசிப்பதைத்தான் நோய் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று கேட்கும்போதே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஆனால் காரணம் புரிந்துவிட்டால் மட்டும் சுகம் வருவதில்லை. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பயப்படுவதை நோயாளிகள் தொடும்படி செய்து, அதன்பின் கழுவவிடாமல் உடனிருந்து பழக்கினார். இன்றும் அதுவே முக்கியமான சிகிச்சை. சிறிய பயத்தில் தொடங்கி, நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாக ஏறுகிறோம். கழுவாமல் பொறுத்திருந்தால் பதற்றம் தானாகவே தணிகிறது என்பதை அவரே கண்டுகொள்கிறார். புளுவாக்சடின் போன்ற மருந்துகளும் உதவுகின்றன. பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகலாம். சுபாவத்தை அறிந்திருப்பது இங்கும் பயன்படும். கணக்காக நடக்கிறவர் பயிற்சிக் குறிப்பை ஒழுங்காக எழுதிவருவார். ஆனால் பயிற்சியையே குறையின்றிச் செய்ய வேண்டும் என்று அதிலும் சிக்கிக்கொள்ளக்கூடும். அதையும் நாங்கள் கவனிக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் சபையாருக்கும் ஒரு வார்த்தை. நோயாளிக்காக நீங்கள் கதவைச் சரிபார்த்துக் கொடுத்தால், அந்நேரம் நிம்மதி கிடைக்கும், நோயோ வளரும். "என் பாவம் மன்னிக்கப்பட்டதா?" என்று பத்தாவது முறை கேட்டு வருகிறவருக்குப் பத்தாவது முறையும் அதே உறுதியைச் சொல்வதும் அப்படித்தான். அவரைக் கடிந்துகொள்ளாதிருங்கள். "இதற்குப் பதில் முன்பே சொல்லியாயிற்று, இந்தப் பதற்றம் தணியும்வரை உம்மோடு இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் இலவசமாகத் தமிழிலும் பேசலாம்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையைப் போலவே, அடுத்த வீட்டில் ஒருவரைக் குறித்து "அது அவர் சுபாவம்" என்று சொல்லாமல் விடுவதும் பெரிய உதவியே.