காவல்துறைக்கு வெளியே காவல் அதிகாரம்

(மட்டாஞ்சேரியில் மாணவர்களிடையேயும் அரசு அலுவலர்களிடையேயும் நிகழ்த்திய உரை)



மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்பால், வில்லிங்டன் தீவில் கொச்சிச் சுங்க மாளிகை அமைந்துள்ளது. அங்குப் பணிபுரியும் சுங்க அதிகாரி காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும், சோதனையிடவும், பொருள்களைக் கைப்பற்றவும், கைது செய்யவும் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. கலால், வனத்துறை அலுவலர்களும் தத்தம் சட்டங்களின்கீழ் இத்தகைய அதிகாரங்களைப் பெற்றுள்ளனர்.

இதற்குக் காரணம் உண்டு. கடத்தலைக் கண்டறியச் சரக்கின் தன்மை, மதிப்பு, ஆவணங்கள் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். காவலர் வரும்வரை காத்திருந்தால் சரக்கு கைமாறிவிடும்.

ஆனால், அதிகாரம் அளித்த சட்டமே அதற்கு வரம்பும் விதித்துள்ளது. உடற்சோதனைக்கு உள்ளாகும் ஒருவர் கோரினால், அவரை முதலில் அருகிலுள்ள அரசிதழ் பதிவு பெற்ற சுங்க அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துச் செல்லுதல் வேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதனையிடலாம். கைதுக்கான காரணத்தைத் தெரிவித்தாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு.

போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சான்றாகாது. சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1960களில் தீர்ப்பளித்ததால், அவரிடம் அளிக்கும் வாக்குமூலத்திற்கு இத்தடை இல்லை. 2020இல், தூஃபான் சிங் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், போதைப்பொருள் சட்டத்தின்கீழ் புலனாய்வு அதிகாரம் பெற்ற அலுவலர்கள் போலீஸ் அதிகாரிகளே என்று அந்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. ஆகவே, எதிரில் இருப்பவர் எந்தத் துறையினர் என்பதை அறிவது குடிமகனுக்கு மிக அவசியமாகும்.

இந்த அறியாமையே இன்று மோசடிக்காரர்களின் முதலாகிவிட்டது. சுங்க அதிகாரி போல் தொலைபேசியில் தோன்றி, 'உம் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் வந்துள்ளது; டிஜிட்டல் கைது செய்துள்ளோம்' என மிரட்டிப் பணம் பறிக்கின்றனர். அத்தகைய கைது எச்சட்டத்திலும் இல்லை. படித்தவர்களும் ஏமாறுகின்றனர். இத்துறைக்குக் கைது அதிகாரம் உண்டு என்பதை அறிந்த அவர்கள், அது எம்முறையில் செலுத்தப்படும் என்பதை அறியாததே காரணம்.

மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழிகள் வழங்கும் ஊர் இது. அலுவலர்கள் தம் அதிகாரத்தையும் அதன் வரம்பையும் மக்களின் மொழிகளில் அலுவலக வாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும். மாணவர்கள் இவற்றைத் தம் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். நேர்மையான அலுவலருக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. மக்களின் ஒத்துழைப்பே பெருகும்.