மச்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்

கே.ஜி.கண்டிகை போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து போய்த் திருத்தணி மலையின் 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் உண்டு. வீடு திரும்பியதும் கால் கழுவுகிறோம். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறோமா?

அங்கே ஒரு மச்சம் இருந்தால் நமக்கு அது அதிர்ஷ்டம். மருத்துவர் பார்ப்பது வேறு: இரு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம் சீரா, நிறம் ஒன்றா பலவா, 6 மில்லிமீட்டரைத் தாண்டியதா, மாறிக்கொண்டே வருகிறதா?

அவர் தேடுவது மெலனோமா எனும் தோல் புற்றுநோயை; அது நம்மவர்களுக்கு அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்கூட ஒளிந்திருக்கும். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்தார்.

புதுக் கரும்புள்ளி, ஆறாத புண், நகத்தில் அகலமாகும் கருங்கோடு தெரிந்தால் சுண்ணாம்பு தடவாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே வெட்டியெடுத்தால் பெரும்பாலும் குணமாகும்.