வைகாசித் தோட்டமும் வளவுக் கிணறும்



சித்திரைச் சிறுமழை ஓய்ந்து, வைகாசி பிறந்து, சோளகக் காற்று வீசத் தொடங்கும் நாட்களிலே, பூநகரிப் பகுதியில் அயல்வீட்டுப் பெண்கள் இருவர் வேலியருகே சந்தித்தால் முதலிற் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு.

“உங்கடை கிணறு என்ன மாதிரி, அக்கா?”

“இன்னும் நல்ல தண்ணிதான், பிள்ளை. ஆனால் விடிய அள்ளவேணும். பின்னேரத்திலை சவர் தட்டத் தொடங்குது.”

வெளியூரார் செவிக்கு இது குடிநீரைப் பற்றிய உரையாடலாகத் தோன்றும். உண்மையில் ஒரு வீட்டுத்தோட்டத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. கத்தரி எத்தனை காய்க்கும், பயற்றங்கொடி ஆனி மாதத்தைக் காணுமா, வெண்டியை இன்னொரு பாத்தியில் ஊன்றலாமா என்பவையெல்லாம் அந்தக் கிணற்று நீரின் சுவையைக் கொண்டே அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. மண்ணைப் பற்றியும் எருவைப் பற்றியும் நடக்கும் பேச்சு அதன் பின்னரே வரும்.

பூநகரி கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கு அந்தத்தில் இருப்பது. வடக்கே யாழ்ப்பாணக் கடனீரேரி; மேற்கே பாக்கு விரிகுடா. கௌதாரிமுனை, மண்ணித்தலை, கல்முனை என்று வடமேற்கே நீண்டு செல்லும் நிலம் பெரும்பாலும் மணல். கிழக்கே உள்நிலத்தில் குளங்களும் வயல்களும் உண்டு. அங்கு விளையும் மொட்டைக்கறுப்பன் அரிசியின் பெயர் யாழ்ப்பாணத்துச் சமையலறைகளிலும் பிரசித்தம். எனினும் நெல் மாரி மழையின் பிள்ளை. ஐப்பசி முதல் மார்கழிவரை வாடைக்காற்றோடு பெய்யும் மழையே அந்நிலத்தின் ஆண்டு வருமானம். சித்திரையில் இடியோடு விழும் சில மழைகள் அதன்மேற் கிடைக்கும் சில்லறை. அதன்பின் ஆவணி, புரட்டாதிவரை வானத்தை நம்புவதற்கில்லை. ஆகவே கோடைத் தோட்டம் என்பது மாரியில் மண் சேமித்து வைத்த நீரை மெல்ல மெல்ல எடுத்துச் செலவிடும் காரியம்.

அந்தச் சேமிப்பு எங்கே, எவ்வாறு இருக்கிறது என்பதைச் சிறிது விரிவாகச் சொல்வது நன்று. கடலாற் சூழப்பட்ட மணல்நிலத்தில் மழைநீர் உட்சென்று, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 2½ பங்கு பாரம் கூடியது. இந்தச் சிறு வித்தியாசமே நன்னீரை மேலே நிறுத்தி வைத்திருக்கிறது. இதன் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபன் என்பவரும், 1901 இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே எடுத்துரைத்தனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது அக்கணக்கு. போர்த்துக்கேயர் கட்டிய பூநகரிக் கோட்டையைப் பின்னர் தம் கைவசம் வைத்திருந்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களுடைய சொந்த நாட்டிலும் கடற்கரை மணல்மேடுகளில் இதே பிரச்சினைதான் இருந்தது என்பது நினைக்கச் சற்று வியப்பாக இருக்கிறது.

கணக்கைக் கேட்டவுடன், நாற்பது அடி நன்னீர் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதே கணக்கு மறுபுறமாகவும் வேலை செய்யும். ஒரேயடியாக இறைத்துக் கிணற்றின் நீர்மட்டம் அரை அடி தாழ்ந்து அப்படியே நின்றால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் இருபது அடி உயர முற்படும். கிணற்றின் நேர்கீழே அது ஒரு கூம்புபோல மேலெழும். தண்ணீர் போதவில்லை என்று கிணற்றை மேலும் ஆழமாக்குவோர் நன்னீரைத் தேடிச் செல்லவில்லை. உப்பை நோக்கியே படியிறங்குகிறார்கள். இவ்வாறான நிலத்திற் கிணறு ஆழங்குறைந்து அகலமாக இருப்பதே அறிவுடைமை. முன்னையோர் கணக்குப் படித்தவர்கள் அல்லர்; ஆயினும் துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்திலே கிணற்றிலிருந்து எடுக்கக்கூடிய நீருக்கு மனிதனுடைய தோள்வலியே ஓர் எல்லையாக இருந்தது. அந்த எல்லை கிணற்றையும் காத்தது.

இப்போது ஒரு வீட்டுத்தோட்டத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று பார்ப்போம். கோடையில், காற்றுப் பலமாக வீசும் அப்பகுதியில், பயிர் மூடிய நிலத்திலிருந்து நாளொன்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் நீர் போகிறது என்று கொள்ளலாம். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு அது 50 லீற்றர் அளவில் வரும். பத்து லீற்றர் வாளியால் ஐந்து வாளி. நான்கு பாத்தி என்றால் இருபது வாளி. காலையிற் பத்தும் மாலையிற் பத்துமாக ஒரு குடும்பம் அள்ளி ஊற்றிவிடலாம். கிணறும் இடையிடையே ஊறிக்கொள்ளும். இரண்டங்குல மண்ணெண்ணெய்ப் பம்பியோ ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான லீற்றரை வெளியே தள்ளிவிடும். பம்பியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முதுகு நோக வாளி தூக்கியவர்களுக்கு அது பெரிய உதவி. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, கிணறு ஊறியபின் மீண்டும் சிறிது ஓட்டுபவர் கையில் அது நல்ல கருவி. தண்ணீர் வற்றும்வரை ஓடவிட்டு உறங்கப் போகிறவர் கையில் அது அவ்வாறன்று. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வேலி நிலத்தின்மேல்தான் இருக்கிறது. நிலத்தின்கீழ் வேலி இல்லை. ஒரு வளவில் நடக்கும் அளவுமீறிய இறைப்பின் பலனை அடுத்த வளவுக் கத்தரியும் அனுபவிக்கும். அயலவரிடையே இதுபற்றி வாய்விட்டுப் பேசும் வழக்கம் இருக்கும் இடங்களில் கிணறுகள் நெடுநாள் நிற்கின்றன. பேச வெட்கப்படும் இடங்களிலே ஆனி பிறக்குமுன் குடிநீருக்கும் பவுசரை எதிர்பார்த்துக் குடங்களோடு நிற்க நேர்கிறது.

தோட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் உபாயங்கள் பல. அவற்றுட் சில அனுபவத்தாலும் விஞ்ஞானத்தாலும் ஒருங்கே ஒப்புக்கொள்ளப்பட்டவை.

செடி தன் வாழ்நாளில் உப்புக்கு மிகவும் அஞ்சும் பருவம் முளைக்கும் பருவமும் நாற்றுப் பருவமுமே. ஆகையால் நாற்றுமேடைக்கு மட்டும் இருப்பதிற் சிறந்த நீரைக் கொடுப்பர். சித்திரை மழையிற் கூரைநீரை ஏந்தி வைத்த வீட்டினர் அதை நாற்றுக்கு ஊற்றுவர். கையகலமான நாற்றுமேடை ஒரு நாளைக்கு ஒரு செம்பு, இரண்டு செம்பு நீருக்குமேற் கேட்காது. வேரூன்றிய பின்னர் சிறிது சவர்ந்த நீரையும் செடி பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, நடும் இடம். வரம்பு கட்டி வாய்க்காலில் நீர் பாய்ச்சும்போது நீர் வரம்பின் உச்சியை நோக்கி ஏறி அங்கே ஆவியாகிறது. உப்போ அங்கேயே தங்கிவிடுகிறது. வரம்பின் உச்சியிலே வெண்மையாகப் பூத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். எனவே கன்றை உச்சியில் நடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வரம்பின் தோளில் நடவேண்டும். ஒரு சாண் இடமாற்றம்தான். சில வேளை அதுவே ஒரு கத்தரிக் கன்று பிழைப்பதற்கும் கருகுவதற்கும் இடையிலுள்ள தூரம்.

மூன்றாவது, மூடாக்கு. பாத்தியை வைக்கோலாலோ, பழங்கிடுகாலோ, பனையோலையாலோ, உதிர்ந்த பூவரசம் இலையாலோ மூடிவிட்டால் ஈரம் நிற்கும். உப்பும் மேலே வராது. மணல்நிலம் நீரையும் பசளையையும் கையிற் பிடித்து வைக்கத் தெரியாத நிலம். அதற்குப் பிடிப்பைக் கொடுப்பது மாட்டெருவும் குழையும். பூவரசு, வேம்பு, கிளிசிறிடியா ஆகியவற்றின் இலைகளை மண்ணுள் தாழ்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டவர்கள் மீண்டும் அதனிடம் வந்ததற்கு 2021 ஆம் ஆண்டு ஒரு காரணம். அவ்வாண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டபோது வயற்காரர் பட்ட துன்பம் பெரிது. குழை தாழ்க்கத் தெரிந்த வீட்டுத்தோட்டக்காரருக்குத் துன்பம் அவ்வளவில் இல்லை. அடுப்புச் சாம்பலைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நல்ல நீருள்ள இடத்தில் அது சிறந்த பசளை. நீர் சவர்ந்த வளவிலோ அதுவும் உப்போடு உப்பாகச் சேரும். கை நிறைய அள்ளி வீசலாகாது.

நீர் ஊற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சவர்நீரை இலையின்மேல் தெளித்தால் இலை கருகும், அடியிலே ஊற்றவேண்டும். தினந்தோறும் மேலாகச் சிறிது தெளிப்பது உப்பை வேரடியிலே சேர்த்துவிடும். இடைக்கிடை ஒருமுறை தாராளமாக விட்டால் அது உப்பைக் கீழே கழுவிச் செல்லும். நீருக்குத் தட்டுப்பாடான வீடுகளில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் பாகலோ புடோலோ ஊன்றுவது மிக நல்ல வழி. பானை கசியும் அளவே செடி குடிக்கும். மண்மேல் ஒரு சொட்டும் ஆவியாகாது. சீனத்திலே கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட வேளாண்மை நூலொன்றிலேயே இம்முறை கூறப்பட்டிருக்கிறது. மெருகிடாத, சூளையில் அளவாகச் சுட்ட பானையாக இருப்பது அவசியம். அலுமினியப் பானையைப் புதைப்பதில் ஒரு பயனும் இல்லை.

இனி, எதை நடுவது? போஞ்சி, வெங்காயம், கரட் ஆகியவை உப்பைச் சிறிதும் பொறாதவை. மிளகாய் அவற்றிலும் சற்றே திடமுள்ளது. தக்காளி ஓரளவு தாங்கும். கௌப்பியும் பீற்றூட்டும் நன்றாகவே தாங்கும். முருங்கை ஒருமுறை வேர்விட்டால் வீட்டுக்காரர் மறந்தாலும் அது மறவாது காய்க்கும். வற்றாப்பளை அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலின்போது உப்புநீரில் விளக்கெரிவது நெடுங்கால மரபு. அந்த அருள் வெங்காயப் பாத்திக்கு இன்னும் கிட்டவில்லை. ஆகவே விதை வாங்குமுன் கிணற்றுநீரைச் சோதித்துக்கொள்வது நன்று. அதன் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி ஒரு பேனை அளவே உள்ளது. கமநல சேவை நிலையத்துக்குப் போத்தலிற் சிறிது நீரோடு சென்று விவசாயப் போதனாசிரியரைக் கேட்பதில் எவரும் கூச்சப்படவேண்டியதில்லை.

பங்குனியில் விதையிட்ட வீடுகளில் வைகாசி நடுப்பகுதியிலே காட்சி இவ்வாறிருக்கும்: கீரை இருமுறை பிடுங்கி முடிந்திருக்கும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கிய வெண்டி உச்சத்தில் நிற்கும். பயற்றை பந்தலில் தொங்கும். கத்தரி அப்போதுதான் பூவும் பிஞ்சுமாக இருக்கும். பூசணி வேலியைத் தாண்டி அயல்வளவில் காய்த்து, காய் யாருக்குரியது என்ற பழைய வழக்கைத் தொடக்கிவைக்கும். கூடவே வரும் தொல்லைகளும் உண்டு. வெண்டியிலை மஞ்சளாக நரம்போடினால் அது வெண்ணீ பரப்பும் நோய். அச்செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி எரிப்பதே வழி. மிளகாயிலே குருமன் தோன்றினால் வேப்பம்விதைச் சாற்றைத் தொடக்கத்திலேயே தெளிக்கலாம். பாகற்பிஞ்சைப் பழைய பத்திரிகைத் தாளாற் சுற்றிவிட்டால் பழ ஈ அணுகாது. படித்து முடித்த செய்தித்தாளுக்கு இதனிலும் நல்ல உபயோகம் இருக்க முடியாது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்து வேலியைக் கிடுகால் நெருக்கமாக அடைப்பர். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கத் தகுந்த கரை என்று பலரும் கண்வைத்திருக்கும் இடமல்லவா அது! அந்தக் காற்று வெண்டிப் பூவுக்கு இரக்கம் காட்டாது. படலையைச் சாத்த மறந்த ஓரிரவில் கட்டாக்காலி மாடு செய்யும் சேதமோ இவை எல்லாவற்றிலும் பெரிது.

2011 சனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், முன்பு பாதைப்படகுக்குக் காத்திருந்த மக்கள் சாவகச்சேரிச் சந்தைக்கு எளிதிற் சென்று மரக்கறி வாங்கி வரலாம். அப்படியிருக்க இவ்வளவு பாடு எதற்கு என்று இளைஞர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 2009 இல் யுத்தம் முடிந்து, பின்னர் ஊர் திரும்பியவர்களைக் கேட்டால் விடை கிடைக்கும். வேலியும் இல்லை, கூரையும் இல்லை என்ற நிலையில் வந்தவர்கள், பாழ்பட்டுக் கிடந்த கிணறுகளைத்தான் முதலில் இறைத்துத் துப்புரவாக்கினார்கள். அதன் அருகிலே ஒரு கீரைப்பாத்தி வந்தது. கையிற் காசில்லாத நாளில் சோற்றோடு வைத்துண்ண ஒரு பிடி கீரை வளவிலேயே இருந்தது என்பது சந்தைவிலையில் அடங்காத செய்தி. 2022 இல் நாடு முழுவதும் உணவுக்கு அல்லற்பட்டபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் நீர் குடிக்கும் கத்தரி எந்த நாட்டிலும் இல்லை. பூநகரிப் பெண்கள் அந்தச் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவுமில்லை.

வைகாசி முடிவில் வேலியருகே அதே கேள்வி மீண்டும் கேட்கப்படும். “கிணறு என்ன மாதிரி, அக்கா?” நீர் சவர்ந்துவிட்டதென்றால், இருக்கும் நான்கு பாத்தியில் இரண்டைக் கைவிடவேண்டிய நேரம் அது. காய்த்துக்கொண்டிருக்கும் செடிக்கு நீரை நிறுத்துவது மனத்துக்கு இலேசான காரியமன்று. ஆயினும் அனுபவமுள்ள அக்கா தயங்கமாட்டாள். ஓய்ந்துபோன வெண்டியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டு, முற்றிய காய்களில் நல்லவற்றை விதைக்கென்று கட்டி அடுப்படிப் புகையில் தொங்கவிட்டு, கத்தரிக்கும் முருங்கைக் கன்றுக்கும் மட்டும் வாளியை இறக்குவாள். கிணறு ஐப்பசி மழைவரை இருக்கவேண்டும்.