படமும் இசைத்தட்டும்



திரைப்படத்தைப் பற்றியும் சங்கீதத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதற்கு யாரும் யாரிடமும் அநுமதி பெறுவதில்லை. வைத்தியத்தைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ பேசத் தயங்குகிறவர்கூட, ஒரு படம் முடிந்து விளக்கு எரிந்தவுடன் அது நன்று என்றோ நன்றன்று என்றோ தீர்ப்புக் கூறிவிடுகிறார். இதில் குற்றமில்லை. ஆனால் அத்தீர்ப்பு நம் கண்ணிலும் செவியிலும் பிறந்ததா, அல்லது வேறெங்கிருந்தோ வந்து நம் நாவில் அமர்ந்துகொண்டதா என்று சற்று ஆராய்வது பயனுடையது. அதற்கு உதாரணமாக, 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் மேனாட்டில் தழைத்த ஒருவகை இசையையும், அதனோடு உறவு பூண்ட சில திரைப்படங்களையும் எடுத்துக்கொள்வோம்.

அவ்விசைக்குப் புரோகிரசிவ் ராக் என்பது பெயர். மூன்று நிமிஷப் பாட்டின் எல்லையை அது ஏற்க மறுத்தது. யெஸ் என்னும் ஆங்கிலக் குழுவினர் 1972-இல் வெளியிட்ட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படி நிரப்புகிறது. அதே ஆண்டில் ஜெத்ரோ டல் குழுவினர் ஒரே பாட்டை இரு பக்கங்களுக்கும் நீட்டினர்; இத்தகைய நீண்ட படைப்புகளின் மீது அக்காலத்தார் கொண்ட மோகத்தைப் பரிகசிக்கவே அப்படிச் செய்தனர் என்பது சுவையான செய்தி. பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் 'மணி' என்ற 1973-ஆம் ஆண்டுப் பாட்டோ, பெரும்பாலும் ஏழு எண்ணிக்கையில் நடைபோடுகிறது. இராகம் தானம் பல்லவியை அமர்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு நீளம் ஒரு குறையாகத் தோன்றாது. மிச்ர சாபுவுக்குத் தலையசைத்தவர்களுக்கு ஏழு என்ற எண்ணும் புதிதன்று. எனவே, இது நமக்கு எட்டாத இசை என்ற முதல் அபிப்பிராயத்தை இங்கேயே விலக்கி வைக்கலாம்.

இனிப் படங்களுக்கு வருவோம். மைக் ஓல்டுஃபீல்டு என்ற இளைஞர், பத்தொன்பது வயதில், பெரும்பாலான வாத்தியங்களைத் தாமே வாசித்து 'ட்யூபுலர் பெல்ஸ்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். அது 1973-இல் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் வெளியான 'தி எக்ஸார்சிஸ்ட்' என்னும் பேய்ப் படத்தில், இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் அதன் தொடக்கப் பகுதியில் சிறிதளவை எடுத்துச் சேர்த்தார். இசைத்தட்டு உலகெங்கும் விற்பனையாயிற்று. ஆனால் அன்று முதல், அந்தத் தொடக்கத்தைக் கேட்போர் பலருக்குப் பேயின் நினைவே எழுகிறது. இயற்றியவர் பேயை எண்ணி இயற்றவில்லை. அவர் அதைப் பதிவு செய்தபோது அப்படத்தோடு அவருக்குத் தொடர்பேதும் இல்லை. காட்சி இசைக்கு ஒரு பொருளைச் சூட்டிவிட்டது. நாம் அதை நமது சொந்த அபிப்பிராயம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. இத்தாலிய இயக்குநர் மிக்கெலாஞ்சலோ அன்டோனியோனி, அமெரிக்காவில் எடுத்து 1970-இல் வெளியிட்ட 'ஸாப்ரிஸ்கி பாயின்ட்' படத்துக்குப் பிங்க் ஃபிளாய்டு குழுவினரை ரோமாபுரிக்கு வரவழைத்து இசையமைக்கச் சொன்னார். அவர்கள் அளித்தவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் ஏற்கவில்லை. அவ்வாறு தள்ளப்பட்டவற்றுள் ஒன்று, ரிச்சர்டு ரைட் பியானோவில் அமைத்த அமைதியான ஒரு மெட்டு. அதுவே பின்னர் 1973-இல், 'தி டார்க் ஸைடு ஆஃப் தி மூன்' இசைத்தட்டில் 'அஸ் அண்டு தெம்' என்ற பாட்டாக மலர்ந்தது. படத்துக்குப் பொருந்தவில்லை என்ற தீர்ப்பு, இசை தாழ்ந்தது என்ற தீர்ப்பு ஆகாது. அதே படத்தின் முடிவில், பாலைவனத்தில் ஒரு மாளிகை மீண்டும் மீண்டும் வெடித்துச் சிதறுகிறது. அக்காட்சியில் அதே குழுவினரின் இசை ஒலிக்கிறது. படம் முழுவதும் சிறந்தது என்று நாம் சொல்லத் துணியோம்; கதை தளர்ந்தது, பாத்திரங்கள் உயிரற்றவர்கள். ஆயினும் அந்தக் கடைசி நிமிஷங்கள் மறக்கத்தக்கவை அல்ல.

படமும் இசையும் ஒன்றையொன்று அடிமைப்படுத்தாமல் இணைந்ததற்கு, வெர்னர் ஹெர்ட்ஸாக் 1972-இல் எடுத்த 'அகீரே' என்ற ஜெர்மானியப் படத்தையே நாம் முதலில் கூறுவோம். புரோகிரசிவ் ராக்கின் உறவினர் என்று சொல்லத்தக்க பாப்பல் வூ குழுவினர் அதற்கு இசையமைத்தனர். பொன்னாட்டைத் தேடி, மூடுபனியினூடே செங்குத்தான மலைச்சரிவில் ஸ்பானியர்கள் எறும்புச் சாரிபோல் இறங்குகிறார்கள். ஒலிநாடாவில் பதிந்த மனிதக் குரல்களைக் கட்டைகளால் எழுப்பும் ஒரு கருவி, கோயில் பாடலைப் போலவும் புலம்பலைப் போலவும் ஒலிக்கிறது. பயப்படு என்றோ இரங்கு என்றோ அது நமக்குக் கட்டளையிடுவதில்லை. தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களுக்கு இந்த ஆராய்ச்சி மிகவும் தேவை. ஒரே கூரையின் கீழ், பாட்டியாருக்குக் கீர்த்தனை, பெற்றோருக்குப் பழைய திரைப்பாட்டு, பிள்ளைகளுக்கு அவர்கள் வளரும் ஊரின் இசை என்று மூன்று உலகங்கள் இருக்கின்றன. கல்லூரி நாட்களில் பிங்க் ஃபிளாய்டைக் கேட்டு, 'இது என்ன இரைச்சல்!' என்று பெரியோரிடம் வசை வாங்கியவர்களில் சிலர், இன்று தம் மக்கள் கேட்பதை அதே சொல்லால் ஒதுக்குகின்றனர். பிள்ளைகளும் பழைய படத்தைக் கண்டு, 'ஆமைபோல் நகர்கிறது' என்று எழுந்து போய்விடுகின்றனர். இரைச்சல், ஆமை என்ற இரண்டு சொற்களோடு வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. உறவினரும் பழைய நண்பரும் தொலைவில் இருக்க, பேசிக்கொள்ள வீட்டாரே மிஞ்சிய இடத்தில், இது சிறிய இழப்பன்று.

ஆதலால் ஓர் எளிய வழியைச் சொல்வோம். வாரத்தில் ஒரு மாலை, ஒருவர் விரும்பும் உருப்படியை மற்றவர் யாவரும் முழுவதும் கேட்கட்டும். ஒரு காட்சியை ஒலியோடும் ஒலியின்றியும் பார்க்கட்டும். பிறகு அவரவர் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்லட்டும். ஒரே ஒரு நிபந்தனை: 'பிடிக்கவில்லை' என்பவர், எந்த இடத்தில், எதனால் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். மனம் மாறவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் 'எதனால்' என்று விளக்கப் புகும்போது, பாட்டியாருக்கும் பேரனுக்கும் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்துவிடும். அந்தப் பேச்சு தமிழில் நடக்குமாயின் இன்னும் நன்று.